வெள்ளிக் காசில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்

கிராஸ்கட் ரோட்டில் சட்டை எடுக்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி காந்திபுரத்தில் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தால், உள்ளே நாணயக் கண்காட்சி. நாங்கள் மூன்று பேர். யாருக்கும் காசு சேர்க்கிற பழக்கம் கிடையாது. கையில் இருக்கிற காசே மாசக் கடைசி வரைக்கும் நிற்பதில்லை, இதில் எங்கே சேர்ப்பது! சும்மா சுற்றிப் பார்த்தோம். ஓட்டைக் காலணா, ராணி தலை போட்ட ரூபாய், எந்தக் காலத்தது என்றே தெரியாத செப்புக் காசுகள். கடைசி மேஜையில், பிளாஸ்டிக் டப்பிக்குள் உள்ளங்கை நிறைகிற மாதிரி ஒரு பெரிய வெள்ளிக் காசு. ஒரு பக்கம் சிங்க முத்திரை, நூறு ரூபாய் என்ற மதிப்பு. மறுபக்கம் ஒரு பெரியவர் முகம்.

மேஜைக்காரர் எங்களைப் பார்த்து இவர் யாருன்னு தெரியுமா என்று கேட்டார். சி.சுப்பிரமணியம் என்று பெயரைப் படிக்க முடிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எங்களில் ஒருத்தன் பொள்ளாச்சிக்காரன். அவனும் உதட்டைப் பிதுக்கினான். உங்க ஊர்ப் பக்கத்துக்காரர்தான் தம்பி, பாரத ரத்னா வாங்கியவர் என்று சொல்லிவிட்டு, மேஜைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டதுதான் உறுத்தியது. அன்றைக்கு ராத்திரியே ஹாஸ்டலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. பதவியில் இருப்பதா, விட்டுவிட்டு வெளியே வருவதா என்ற கேள்வி இந்த மனிதர் வாழ்க்கையில் பல தடவை வந்திருக்கிறது. எல்லாத் தடவையும் அவர் ஒரே பதில் சொல்லவில்லை. காசில் இருக்கிற முகத்தைவிட அந்தப் பதில்கள்தான் எனக்குப் பெரிசாகத் தெரிந்தன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காசின் கணக்கு

முதலில் அந்தக் காசைப் பற்றி இரண்டு வரி. 2010-ல் சி.சுப்பிரமணியத்தின் நூற்றாண்டு வந்தபோது மத்திய அரசு இரண்டு நினைவு நாணயங்கள் வெளியிட்டது. ஒன்று நூறு ரூபாய், இன்னொன்று ஐந்து ரூபாய். நூறு ரூபாய்க் காசின் விட்டம் 44 மில்லிமீட்டர், எடை 35 கிராம். வெள்ளிக் காசு என்று சொன்னாலும் அதில் பாதிதான் வெள்ளி. 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் தலா 5 சதவீதம். மெட்டலர்ஜி படித்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். சுத்த வெள்ளி ரொம்ப மென்மையானது, செம்பு சேர்ந்தால்தான் உறுதி கிடைக்கும். கணக்குப் போட்டால் ஒரு காசில் பதினேழரை கிராம் வெள்ளி.

இந்த நூறு ரூபாய்க் காசு கடைக்குக் கொண்டுபோவதற்கு இல்லை. நாணயச் சாலையில் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கி, டப்பியிலேயே வைத்திருப்பார்கள். ஐந்து ரூபாய்க் காசு அப்படி இல்லை. அது நிக்கல் பித்தளை, மஞ்சளாக இருக்கும். சாதாரணச் சில்லறையோடு புழக்கத்துக்கு வந்தது. உங்கள் கையிலும் என் கையிலும் என்றைக்கோ வந்துவிட்டுப் போயிருக்கலாம்.

காசில் அவர் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தமிழில் இல்லை. இந்த விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

செங்குட்டைப்பாளையத்தில் இருந்து

சிதம்பரம் சுப்பிரமணியம் பிறந்தது 1910 ஜனவரி 30, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையத்தில். விவசாயக் குடும்பம். அவருக்குச் சித்தப்பா முறையாக வேண்டிய ஒருவர் அதே ஊரில் பிறந்து துறவியானவர். திருப்பராய்த்துறையில் தபோவனம் அமைத்த சுவாமி சித்பவானந்தர்தான் அவர். இளம் வயதில் சுப்பிரமணியத்தின் மேல் அவருடைய பாதிப்பு அதிகம்.

பொள்ளாச்சியில் பள்ளிப் படிப்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் சட்டம். இந்தியாவின் உணவுப் பிரச்சினையைக் கையில் எடுத்தவர் அக்ரி படித்தவர் இல்லை, பிசிக்ஸ் படித்தவர். வேறு டிபார்ட்மென்ட் சப்ஜெக்டைக் கண்டால் பயப்படுகிற நமக்கு இது ஒரு ஆறுதல்.

நம்ம இதழின் வாசகர்களுக்கு இன்னொரு சங்கதி. கல்லூரிக் காலத்தில் இவரும் நண்பர்களும் சேர்ந்து வனமலர்ச் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்து, கோபிசெட்டிப்பாளையத்தில் இருந்து பித்தன் என்ற பெயரில் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் பெரியசாமித் தூரன், பிற்காலத்தில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தை உருவாக்கியவர். இன்னொருவர் ஓ.வி.அழகேசன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 1965-ல் திரும்ப வருவார். காந்திபுரத்தில் கோபி பஸ் ஏறுகிறவர்கள் அடுத்த முறை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அந்த ஊரில் நம்ம வயதுப் பசங்க கைக்காசு போட்டு அச்சடித்துப் பத்திரிகை விற்றிருக்கிறார்கள். நமக்கு அச்சகச் செலவுகூட இல்லை, இருந்தும் ஒவ்வொரு இதழும் லேட்!

படிப்பு முடித்துக் கோவையில் வக்கீலாக இருந்தார். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போனார். சுதந்திரம் நெருங்கும்போது அரசியல் நிர்ணய சபை உறுப்பினரானார். நாட்டின் அரசியல் சட்டத்தை உருவாக்கிய அவையில் செங்குட்டைப்பாளையத்துக்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்.

போட்டியில் தோற்றவர் அமைச்சரானார்

1952-ல் ராஜாஜி முதலமைச்சராக வந்ததும் சுப்பிரமணியம் சென்னை மாகாண அமைச்சரானார். பெரிய பொறுப்புகள் அவரிடம் இருந்தன. கல்வியும் அதில் ஒன்று. அங்கேதான் முதல் சோதனை.

1953-ல் ராஜாஜி ஒரு புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அரை நாள்தான். மீதி நேரத்தில் வீட்டில் பெற்றோர் செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடமும் வாத்தியாரும் பற்றாத காலத்தில் அதே கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்பது அரசின் வாதம். ஆனால் செருப்பு தைக்கிறவர் மகன் செருப்புத் தைக்கவும் முடி வெட்டுகிறவர் மகன் முடி வெட்டவும் மட்டும் கற்றுக்கொள்வான் என்பது எதிர்த்தவர்களின் பயம். பெரியாரும் தி.மு.க.வும் அதைக் குலக்கல்வி என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் நின்றுவிட்டது. சட்டசபையில் திட்டத்துக்காக வாதாடியவர் கல்வி அமைச்சர் சுப்பிரமணியம்.

எதிர்ப்பு காங்கிரசுக்குள்ளேயே பரவியது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சட்டமன்றக் கட்சியில் போட்டி நடந்தது. ஒரு பக்கம் காமராஜர், இன்னொரு பக்கம் ராஜாஜி தரப்பில் சுப்பிரமணியம். காமராஜருக்கு 93 ஓட்டு, சுப்பிரமணியத்துக்கு 41. சாதாரணமாக இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். தோற்றவர் மூலையில் உட்கார்வார், ஜெயித்தவர் அவரை ஓரங்கட்டுவார். இங்கே காமராஜர் தன்னை எதிர்த்து நின்றவரையே அழைத்து அமைச்சரவையில் சேர்த்தார். அவரும் வந்தார். கல்வித் துறையே மறுபடியும் அவர் கைக்கு வந்தது.

அடுத்து நடந்ததுதான் சங்கடமான விஷயம். 1954 மே 18 அன்று அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தது சுப்பிரமணியமே. ஒரு வருஷமாக எந்தத் திட்டத்துக்காக வாதாடினாரோ அதைத் தன் வாயாலேயே ரத்து செய்தார். இது பதவிக்காகச் செய்த பல்டியா, தப்பை ஒத்துக்கொண்ட நேர்மையா? நானும் என் நண்பனும் இதைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டோம், முடிவு வரவில்லை. ஆனால் அடுத்த எட்டு வருஷக் கணக்கைப் பார்க்கலாம். மதிய உணவு, இலவசக் கல்வி, ஊர் மக்களே பொருள் கொடுத்துப் பள்ளியைச் சீர் செய்த மாநாடுகள் எல்லாம் காமராஜர் ஆட்சியில் இவர் கல்வி அமைச்சராக இருந்தபோது நடந்தவை. இயக்குநராக நெ.து.சுந்தரவடிவேலு இருந்தார். முதலில் பிள்ளைகளின் நேரத்தைப் பாதியாக்கிய திட்டத்துக்குத் துணை நின்றவர், பிறகு பிள்ளைகளை முழு நாளும் பள்ளியில் உட்கார வைத்த வேலையில் பங்கெடுத்தார். சென்னை ஐஐடிக்குக் கிண்டியில் காட்டை ஒட்டி இடம் கிடைத்ததிலும் கல்வி அமைச்சராக அவருக்குப் பங்கு உண்டு.

பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் அதே காலத்தது. அதைப் பற்றிப் பேசும்போது பொள்ளாச்சி விவசாயிகள் காமராஜரோடு சேர்த்துச் சொல்கிற பெயர்களில் இவர் பெயரும் ஒன்று. உதட்டைப் பிதுக்கிய என் நண்பன் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் வருவது அந்த பி.ஏ.பி. வாய்க்காலில்தான்.

பிப்ரவரி 1965

1962-ல் பொள்ளாச்சித் தொகுதியில் ஜெயித்து டெல்லிக்குப் போனார். நேரு அமைச்சரவையில் உருக்குத் துறை. 1964-ல் நேரு இறந்து சாஸ்திரி பிரதமரானதும் உணவு, விவசாயம் இரண்டும் இவரிடம் வந்தன. யாரும் கேட்டு வாங்காத துறை அது, ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் மொழிப் பிரச்சினை வெடித்தது.

1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே மத்திய ஆட்சிமொழி என்ற நிலைமை. தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நம்ம வயதுதான் அவர்களுக்கு. ஊர் ஊராகக் கலவரம், துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு. பிப்ரவரியில் பொள்ளாச்சியிலும் சுட்டார்கள். டெல்லியில் உட்கார்ந்திருந்த மத்திய அமைச்சருக்கு அது பேப்பரில் வருகிற வேறொரு ஊர் இல்லை, அவரை ஜெயிக்க வைத்து அனுப்பிய ஊர்.

பிப்ரவரி 11 அன்று சுப்பிரமணியம் ராஜினாமா கொடுத்தார். கூடவே கொடுத்தவர் ஓ.வி.அழகேசன், அதே வனமலர்ச் சங்கத்து நண்பர். இரண்டு தமிழ் அமைச்சர்கள் ஒரே நாளில் வெளியேறினால் அரசுக்கு என்ன ஆகும் என்று சாஸ்திரிக்குத் தெரியும். அன்று இரவே அவர் ரேடியோவில் பேசினார். நேரு கொடுத்த வாக்குறுதி காப்பாற்றப்படும், மாநிலங்கள் விரும்புகிற வரை ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தார். அதன் பிறகு இருவரும் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார்கள். ஆட்சிமொழிச் சட்டத்தில் அதற்கான திருத்தம் 1967-ல் வந்தது.

ஒரு ராஜினாமாவால் மட்டும் அது நடந்தது என்று சொன்னால் தெருவில் உயிரை விட்டவர்களுக்குச் செய்கிற துரோகம். ஆனால் வெளியே மாணவர்கள் கொடுத்த அழுத்தம் டெல்லியின் அமைச்சரவை அறைக்குள் போய்ச் சேர்ந்ததில் அந்த இரண்டு கடிதங்களுக்கும் இடம் உண்டு. இப்போது அந்தக் காசை மறுபடி நினைத்துப் பாருங்கள். இந்தி மட்டும் போதாது என்று பதவியைத் தூக்கி வைத்தவரின் பெயர், இந்தியிலும் ஆங்கிலத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

கப்பலை நம்பியிருந்த சோறு

அப்போது இந்தியா சாப்பிட்டது கப்பலில் வந்த கோதுமையை. பி.எல்.480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ், ரூபாயில் விலை கொடுத்து வாங்கினோம். 1965-ல் மழை பொய்த்தது, 1966-லும் பொய்த்தது. 1966-ல் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கோடி டன் தானியம் கடல் தாண்டி வந்தது. அமெரிக்க அதிபர் ஜான்சன் வருஷக் கணக்கில் ஒப்பந்தம் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, கையைக் கட்டிப்போட்ட மாதிரி அனுப்பினார். வியட்நாம் பற்றி இந்தியா என்ன பேசுகிறது என்பதுகூட அடுத்த கப்பல் கிளம்புமா என்பதோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. சாஸ்திரி மக்களிடம் வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொன்ன காலம் அது.

இந்த நிலைமையில் சுப்பிரமணியம் செய்ததை ஒரு இன்ஜினியரிங் மாணவனாகப் பார்த்தால் அழகாக இருக்கிறது. கோளாறு ஒரே இடத்தில் இல்லை என்று அவருக்குப் புரிந்திருந்தது. விதை, உரம், விலை, கொள்முதல், ஆராய்ச்சி எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. ஒன்றை மட்டும் சரி செய்தால் சிஸ்டம் ஓடாது.

முதலில் விதை. நம்ம கோதுமை ரகங்கள் உயரமானவை. நிறைய உரம் போட்டால் கதிர் கனக்கும், தண்டு தாங்காமல் வயலோடு சாய்ந்துவிடும். ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள கம்பியின் நுனியில் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று இரண்டாம் வருஷத்தில் படித்தோமே, அதே கதை. மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகங்களில் தண்டு குட்டை, எவ்வளவு உரம் போட்டாலும் நிற்கும். அந்த ரகங்களை இந்திய மண்ணில் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் டெல்லியில் எம்.எஸ்.சுவாமிநாதன். அவர் நம்ம கோவை வேளாண் கல்லூரியில் படித்தவர். துறைச் செயலாளர் பி.சிவராமன்.

எதிர்ப்பு எல்லாப் பக்கமும் இருந்தது. அந்நியச் செலாவணியே இல்லாதபோது விதைக்கும் உரத்துக்கும் கொட்டுவதா என்று நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி மறுத்தார். வெளிநாட்டு விதை இங்கே நோய் கொண்டுவரும் என்று ஒரு கூட்டம். தண்ணீரும் பணமும் இருக்கிற பெரிய விவசாயிக்குத்தான் லாபம் என்று இடதுசாரிகள். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது என்பதைப் பின்னாடி வந்த வருஷங்கள் காட்டின.

சுப்பிரமணியம் வயலைக் காட்டிப் பதில் சொன்னார். நாடு முழுக்க ஏறத்தாழ ஆயிரம் விவசாயிகளின் நிலத்தில் மாதிரி வயல்கள் போட ஏற்பாடு செய்தார். டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியையே உழுது கோதுமை விதைத்தார் என்பது இன்றைக்கும் சொல்லப்படுகிற கதை. 1965-ல் 250 டன் விதை வந்தது. அதில் கிடைத்த தைரியத்தில் 1966-ல் மெக்சிகோவில் இருந்து 18,000 டன் விதை வாங்க ஒப்புதல் பெற்றார். 72 மடங்கு! பைலட் பிராஜெக்டில் இருந்து நேராக முழு உற்பத்திக்குத் தாவுகிற மாதிரி. விதை முளைக்காமல் போயிருந்தால் முதலில் போவது அவர் தலைதான்.

விதையோடு நிற்கவில்லை. விளைந்ததை வாங்க ஆள் வேண்டுமே? 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். விவசாயிக்கு நியாயமான விலையைப் பரிந்துரைக்க விவசாய விலைக் கமிஷனும் அதே வருஷம் வந்தது. அதிகாரிகள் கையில் இருந்த வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கு பி.பி.பால் என்ற விஞ்ஞானியைத் தலைமையில் உட்கார வைத்தார். தேசியப் பால்வள வாரியம் குரியன் தலைமையில் ஆனந்தில் ஆரம்பித்ததும் 1965-ல்தான். இரண்டு வருஷத்துக்குள் இத்தனையும். நம்ம ஃபைனல் இயர் பிராஜெக்டுக்கு டைட்டில் அப்ரூவல் வாங்கவே ஒரு செமஸ்டர் ஆகிறது.

அறுவடைக்கு முன்னால் வந்த தேர்தல்

1967 பிப்ரவரியில் பொதுத் தேர்தல். தமிழ்நாட்டில் இரண்டு விஷயங்கள்தான் பேச்சு. ஒன்று மொழி. இன்னொன்று அரிசி. விலை ஏறிப்போய், ரேஷன் கடையில் வரிசை நீண்டிருந்தது. அண்ணா தலைமையில் தி.மு.க. குறைந்த விலையில் அரிசி தருவோம் என்று வாக்குக் கொடுத்தது. காங்கிரஸ் ஒரேயடியாகச் சரிந்தது. காமராஜரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். மொழிக்காக ராஜினாமா கொடுத்தவரும், உணவுக்காகப் பதவியைப் பணயம் வைத்தவருமான சுப்பிரமணியத்தையும் மக்கள் தோற்கடித்தார்கள்.

மக்கள் செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. பசிக்கிறவனிடம் அடுத்த வருஷம் விளையும் என்று சொன்னால் போதுமா? ஆனால் நிஜமாகவே அடுத்த வருஷம் விளைந்தது. 1964-65-ல் இந்தியாவின் கோதுமை விளைச்சல் சுமார் 1 கோடியே 23 லட்சம் டன். 1967-68-ல் 1 கோடியே 65 லட்சம் டன். மூட்டை அடுக்க இடம் இல்லாமல் வட மாநிலங்களில் பள்ளிக்கூடங்களை மூடி அங்கே கோதுமையை வைத்தார்கள். 1968-ல் கோதுமைப் புரட்சி என்று தபால் தலையும் வந்தது. 1970-71-ல் விளைச்சல் 2 கோடியே 38 லட்சம் டன்னைத் தொட்டது. போர்லாக்குக்கு 1970-ல் நோபல் பரிசு. அந்த முதல் பெரிய அறுவடை வந்தபோது விதையை இறக்கிய அமைச்சர் பதவியில் இல்லை, எம்.பி.யாகக்கூட இல்லை.

பசுமைப் புரட்சியின் மறுபக்கமும் நமக்குத் தெரியும். பஞ்சாபில் நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போனது, மண் உரத்துக்கு அடிமையானது, கம்பும் சோளமும் தட்டைவிட்டு இறங்கின. அவரைக் குறை சொல்கிறவர்கள் இதையெல்லாம் சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். அதோடு 1966-ல் அவர் முன்னால் இருந்த கேள்வி என்ன என்பதையும் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த கப்பல் வராவிட்டால் மக்கள் என்ன சாப்பிடுவார்கள் என்பதுதான் அது.

ராஜினாமா கொடுக்காத வருஷங்கள்

இனி வருவது எழுதக் கஷ்டமான பகுதி. 1969-ல் காங்கிரஸ் உடைந்தபோது காமராஜர் ஒரு பக்கம், இவர் இந்திராவின் பக்கம். பிரிந்து வந்த கட்சிக்கு இடைக்காலத் தலைவராகவும் இருந்தார். மறுபடி எம்.பி., திட்டக் கமிஷன், தொழில் துறை என்று போய் 1974-ல் நிதி அமைச்சரானார். கிராம வங்கிகள் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது அவர் காலத்தில்தான்.

அதே 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. 1942-ல் சிறைக்குப் போனவர், அரசியல் சட்டம் எழுதிய சபையில் இருந்தவர், 1965-ல் கொள்கைக்காகக் கடிதம் கொடுத்தவர், அந்த இருபத்தோரு மாதமும் அமைச்சராகத் தொடர்ந்தார். ராஜினாமா இல்லை. பிறகு இந்திராவை விட்டு விலகி, 1979-ல் சரண் சிங் அரசில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார் என்பது உண்மை. ஆனால் விலகியது தேர்தல் முடிந்த பிறகு.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். பாரத ரத்னா வாங்கியவர், நம்ம ஊர்க்காரர், எதற்கு இதெல்லாம் என்று ரூம்மேட் கேட்டான். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், இதை மறைத்தால் 1965-ன் மதிப்பும் குறைந்துபோகும். ராஜினாமா கொடுப்பது அவருக்கு இயல்பாக வந்துவிடுகிற காரியம் இல்லை, ஒவ்வொரு தடவையும் கஷ்டப்பட்டு எடுத்த முடிவு என்பது, கொடுக்காத தடவையைப் பார்த்தால்தான் தெரிகிறது.

இன்னொரு தடவை வந்தது. 1990-ல் மகாராஷ்டிர ஆளுநரானார். பிரதமர் நரசிம்ம ராவ் ஆட்சி நடத்தும் விதத்தைத் தனிப்பட்ட பேச்சில் குறை சொன்னது வெளியே வந்து பத்திரிகையில் அடிபட்டது. 1993 ஜனவரியில் பதவியை விட்டு வெளியே வந்தார். அப்போது அவருக்கு வயது 83 நெருங்கிக்கொண்டிருந்தது.

அரச இலை

1998-ல் பாரத ரத்னா கிடைத்தது. அதே வருஷம் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கும். பாரத ரத்னா பதக்கம் வெள்ளியும் இல்லை, தங்கமும் இல்லை. அரச இலை வடிவத்தில் வெண்கலம், நடுவில் பிளாட்டினத்தில் சூரியன். முதல் பெரிய கோதுமை அறுவடைக்கும் அந்த இலைக்கும் நடுவில் முப்பது வருஷம். விருது வாங்கிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. தொண்ணூறு வயதைத் தொடும்போது சிறு விவசாயிகளுக்கு உதவ தேசிய வேளாண் நிறுவனம் என்ற அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். பசுமைப் புரட்சி எட்டாமல் விட்ட ஆட்கள் யார் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2000 நவம்பர் 7-ல் சென்னையில் காலமானார்.

பொள்ளாச்சி நண்பன் போன வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தான். அவன் அப்பாருவிடம் இவரைப் பற்றிக் கேட்டிருக்கிறான். அப்பாருவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. 65-ல் ஊர்ச் சாலையில் ராணுவ வண்டி போனது, ரேஷன் கடையில் விடிகாலை நின்றது, 67-ல் உதயசூரியனுக்குக் குத்தியது, அப்புறம் ஒரு வருஷத்தில் புது ரக நெல் போட்டு முதல் தடவையாகக் களத்தில் இடம் பற்றாமல் போனது. காங்கிரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டதில் அவருக்கு வருத்தம் இல்லை. சுப்பிரமணியம் மேல் மரியாதையும் குறையவில்லை. பேரன் பேரே தெரியாது என்று சொன்னதுக்குத்தான் கோபப்பட்டாராம்.

அந்த வெள்ளிக் காசை நாங்கள் வாங்கவில்லை. வாங்குகிற நிலைமையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தால் எண்ணுவதற்கு முன்னால் திருப்பிப் பார்க்கிற பழக்கம் மூன்று பேருக்கும் வந்துவிட்டது. மஞ்சள் ஐந்து ரூபாயில் பல முகங்கள் வருகின்றன. இவர் முகம் இன்னும் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் செலவு பண்ணுவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிறவரிடம் காட்டி, யாருன்னு தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால் திட்ட வேண்டாம். எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது.